கடற்காற்று பார்த்துப் பிடித்த ரூம்

நண்பர்களே, இன்று மெட்ராஸ் பட்டணத்தையே நடுங்க வைத்துவிட்டு இப்போதுதான் மாமல்லபுரம் வந்து இறங்கினேன்.

அக்கா மகன் ஏழுமலைக்குத் திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. தங்க இடமில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடி ரூம் கேட்டுப் போனோம். வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, "எந்த ஊரு?" என்றார். சொன்னேன்.

"அப்போ மீன் சாப்பிடற ஜனங்க. அந்த நாத்தமெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாது, நடையைக் கட்டுங்க!"

தெருவில் ஐந்நூறு பேராவது வேடிக்கை பார்த்தார்கள். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

நான் சும்மா வருவேனா? அவர் வீட்டுக்குக் கிழக்கே, சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் ஒரு ரூம் காலி. சமைத்துக்கொள்ளலாம், மீனுக்கும் தடையில்லை.

"இன்னா மாமா, காலேஜாண்ட இத்தவிட நல்ல ரூம் கீதே?" என்றான் ஏழுமலை.

"அட போடா! சாயங்காலம் கடக்காத்து கெழக்கேர்ந்து வரும். நம்ம அடுப்புப் பொகை நேரா எவன் வூட்டுக்குப் போவும்?"

அப்புறம்தான் பையன் சிரித்தான். அந்த ரூமையே பேசி முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் குடிவைக்கிறேன். முதலில் சுடுவது நெத்திலிக் கருவாடா, சுறாக் கருவாடா? எதன் வாசனை அதிக தூரம் போகும் என்று ஆளுக்கொரு கார்டு போடுங்கள்.