எட்டுக் கம்பியும் ஒரு சிவப்புச் சட்டையும்

என் மாமாவின் மீசை போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு. அது பாதி உண்மை.

கும்மிடிப்பூண்டியில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, அதாவது நைனா, கவரைப்பேட்டைக் கொட்டகையில் பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்குத் தேற்றி வைத்திருந்தார். புஷ்ராடு எஞ்சின். கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு கீழே படுத்தபடி எட்டுக் கம்பிகளைத் தள்ளும்; கம்பிகள் மேலேயுள்ள வால்வுகளைத் திறக்கும். அம்மாவின் அண்ணனான மாமாவின் காரிலோ கேம்ஷாஃப்ட் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். கம்பியே கிடையாது. அதில் அவருக்கு ஏகப்பட்ட மிதப்பு.

“இன்னா மாப்ள, உன் எஞ்சின்ல கீழேர்ந்து மேல சேதி போறதுக்குள்ள நான் ரவுண்டு முடிச்சி நாஷ்டா துன்னுக்கினு இருப்பேன்.”

“தலைமேல ஏறிக் குந்திக்கினா ராஜாவா மச்சான்? சோழவரத்துல பாத்துக்கலாம். தோத்தவன் மீசைய எடுத்துரணும்.”

மீசையில்லாத நைனாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் எஞ்சினைப் பிரித்து, கம்பிகளை எண் போட்ட அட்டையில் குத்தி வைத்தார். “கைய வெக்காத. வரிசை மாறுச்சுன்னா எஞ்சின் பூடும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் இரண்டை உருவி டயர்மேல் மேளம் வாசித்தேன். முழங்கை இடித்து அட்டை கவிழ்ந்தது. கையிலிருந்த இரண்டும் நழுவ, எட்டும் உருண்டன. எட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. கைக்கு வந்தபடி செருகிவிட்டு, உலகத்திலேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். நேர்ப்பாதையில் மாமாவின் கார் வீறிட்டுப் பறந்தது. வளைவில் வேகம் தணிந்து மறுபடி கிளம்பும்போது நைனாவின் கார் உறுமிக்கொண்டு முந்தியது. மாமா! நைனா! மறுபடி மாமா! கத்திக் கத்தி என் தொண்டை கிழிந்தது. கடைசிக்கு முந்தின சுற்றை நைனாதான் முதலில் முடித்தார். என்னைக் கடந்தபோது கேட்டது: டக் டக் டக்.

கம்பி! எஞ்சின் வெடிக்கப் போகிறது!

கடைசிச் சுற்றில் மாமா முந்திவிட்டார். மீசையை யார் பார்த்தார்கள்? பாதையோரத்து வைக்கோல் கட்டு மேல் ஏறி, போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கழற்றி, “நைனா, நிறுத்து! கம்பி!” என்று சுழற்றினேன். நைனா பிரேக் அடித்தார். அடுத்து மாமா. அப்புறம் எல்லோரும். பந்தயத்தில் சிவப்புக் கொடி கண்டால் நிற்க வேண்டுமாம். கூட்டம் பாதைக்குள் புகுந்துவிட, கடைசியாக முடிந்த சுற்றே கணக்கு என்றார்கள். நைனா ஜெயித்தார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். “டேய், கம்பி மாறினா மெதுவாத்தான் தேயும், வெடிக்காது. அந்த சவுண்டு இந்த எஞ்சினோட கொரலுடா” என்று நைனா சிரித்தார். மாமா சவரக் கடைக்கு நடந்தார். நைனாவின் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் போனேன்.

ஒன்று மட்டும் அன்று எனக்கு உறைக்கவில்லை. காலையில் அந்தச் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டவரே நைனாதான். அது கொடி இல்லை என்று அங்கே தெரிந்த ஒரே ஓட்டுநர் அவர். முதலில் பிரேக் அடித்தவரும் அவரே. பிள்ளைக்காகவா, மீசைக்காகவா?

கேட்டால் இன்றும் மீசையைத்தான் தடவிக்கொள்கிறார்.