மூன்று முருகைக்கல்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற ஒரு காலையில், மன்னார்த் தீவில் கீரி என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டு வளவுக்குத் திரும்பி வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு வருகிறேன். வள்ளத்தில் போகும்போது கணவரும் கைக்குழந்தையாக மகளும் கூட இருந்தார்கள். வரும்போது தனியே வந்தேன். கணவரை அங்கேயே அடக்கம் செய்தாயிற்று. மகள் அங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டாள். “அங்க போயி என்னம்மா பண்ணப்போற?” என்று கேட்டாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைக்குச் சவக்காலையில் இடமில்லை என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வழக்கம். பத்து மாதம் சுமந்த எனக்கு அது பிள்ளை, கோயிலுக்கு இல்லையாம். அந்த வழக்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். கணவர்தான் என் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டுபோய் வளவுக்குள் பூவரச மரத்தடியில் இடுப்பளவு ஆழத்தில் புதைத்தார். சிலுவை நடக்கூடாது என்றார்கள். நாய் கிளறாமல் இருக்கட்டும் என்று கடற்கரையில் கிடந்த முருகைக்கல், அதுதான் பவளப்பாறைக் கல், மூன்றைச் சுமந்து வந்து மேலே வைத்தார். அதில் ஒன்றில் பெருவிரல் நுழைகிற ஓட்டை இருக்கும். அந்த இடத்தைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

வளவில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பது முதலிலேயே தெரியும். அதைக் கேட்க, காணி அலுவல் பார்க்கிற ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனபோது அங்கிருந்தவர் கதிரையை விட்டு அசையவில்லை. “நீங்கள் இந்தியாவுக்குப் போயிட்டீங்கள். வெறுங்காணியெண்டால் ஆரும் வந்து இருக்கத்தானே செய்வினம்” என்றார். ஏதோ நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போனது போல. ஷெல் விழ விழப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய எனக்கு எப்படி இருந்திருக்கும்? அங்கே இருந்த காலமெல்லாம் நான் சிலோன்காரி. இங்கே வந்த மறுநாளே இந்தியாக்காரி ஆகிவிட்டேன்.

அந்தக் கொதிப்போடுதான் வளவுக்குள் கால் வைத்தேன். வீட்டு முன்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே சோற்றுப் பானை. கீழே மூன்று முருகைக்கல், நெருப்புப் பட்ட பக்கம் சுண்ணாம்பாக வெளுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்றில் அந்த ஓட்டை.

என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து கல்லை வெறுங்கையால் இழுத்தேன். பானை சரிந்து சோறெல்லாம் மண்ணில் கொட்டியது. சத்தம் கேட்டு வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மண்வெட்டியோடு ஓடி வந்தாள். என்னிலும் வயது குறைந்தவள்.

“ஆரிட்டக் கேட்டு இந்தக் கல்லை எடுத்தனி?” என்றேன்.

அவள் சோற்றைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். “மரத்துக்குக் கீழ மூண்டு கல்லுக் கிடந்தது அக்கா. பழைய அடுப்பெண்டு நினைச்சன்.”

மூன்று கல் சேர்ந்து கிடந்தால் எவருக்கும் அது அடுப்புத்தான். அந்த நியாயம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பூவரசடிக்கு ஓடினேன். அங்கே புதுக்குழி, முழங்கால் ஆழத்துக்கு. பக்கத்தில் நிவாரணத்தில் கொடுத்த சீமெந்து வளையங்கள். “கக்கூசுக்கு அக்கா” என்றாள், பின்னாலேயே வந்தவள். அவளே தனியாகத் தோண்டியிருக்கிறாள்.

“அதுக்குள்ள என்ர பிள்ளை கிடக்கு. உனக்கு ஊர் இல்லையோ? அங்க போய்த் தோண்டு” என்று கத்தினேன். அதைவிட மோசமாகவும் ஏசினேன், எழுத முடியாது.

அவள் குழிக்குள் இறங்கி, மண்வெட்டியைத் தொடாமல், எடுத்துப் போட்ட மணலை இரண்டு கையாலும் உள்ளே தள்ளத் தொடங்கினாள். அந்த இடத்தில் இனி இரும்பு படக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். தள்ளிக்கொண்டே சொன்னாள்.

“ஊர் இருக்கு அக்கா. முசலிப் பக்கம். முழுக்க நேவி காம்ப் ஆக்கிட்டாங்கள். கோயில், சவக்காலை எல்லாம் முள்ளுக்கம்பிக்கு அங்கால. என்ர மனுசனும் அங்கதான் கிடக்கிறார். போன கார்த்திகையில கல்லறைக்குக் கொளுத்த மெழுகுதிரி கொண்டு போனன். வாசல்ல நிண்டவன் வாங்கி வைச்சான். கொளுத்தினானோ தெரியாது.”

கார்த்திகைத் தொடக்கத்தில், அதாவது நவம்பர் இரண்டாந் திகதி, இறந்தவர்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தாமல் எங்கள் ஆட்கள் இருக்கமாட்டார்கள். கல்லறையைக் காட்டவே விடாதவர்களிடம் மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் பஸ் ஏறி வந்திருக்கிறாள். நானும் குழிக்குள் இறங்கினேன். பொசுங்கின கையால் மணலைத் தள்ளினேன். மூடி முடித்ததும் அவளே போய்க் கல் மூன்றையும் தண்ணீர் ஊற்றி ஆற்றித் தூக்கி வந்து வைத்தாள். கரி மட்டும் போகவில்லை.

கக்கூஸ் வேலியோரமாகப் போனது. முன்னறையில் நான், பின்பக்கம் அவள் என்று இருந்தோம். கந்தோர்க்காரர் ஒருநாள் வந்து, “இவ எப்ப வளவை விட்டு எழும்புவா?” என்று என்னிடம் கேட்டார், எனக்கு உதவி செய்கிற மாதிரி. “காம்ப் எப்ப எழும்பும்? அதைச் சொல்லுங்கோ, இவ எழும்புவா” என்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீடில்லாத இரண்டு பெண்களை ஒரு வளவுக்குள் விட்டு சண்டைபிடிக்க வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அவரவர் கதிரையில் சுகமாக இருக்கிறார்கள். கார்த்திகை வந்தால் முதலில் பூவரசடியில் ஒரு மெழுகுதிரி, பிறகு இரண்டு பேருமாகப் பஸ் ஏறி அந்தக் காம்ப் வாசலுக்குப் போகிறோம். இப்போது மெழுகுதிரியை யார் கையிலும் கொடுப்பதில்லை. வெளியே றோட்டிலேயே கொளுத்துகிறோம். கடற்காற்று அணைக்க அணைக்கத் திரும்பவும் கொளுத்துவது நான்தான், ஏனென்றால் என் பிள்ளையின் மேலே கல்லைத் திருப்பி வைத்தவளுக்குத் தன் மனுசனின் கல்லறையைத் தொட இன்னும் வழியில்லை.