நீல ஃபைலில் பதினொரு பெயர்கள்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, விசுவாச வீரர்களின் சாட்சிகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பயந்தாங்கொள்ளியின் சாட்சி. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவன் நான்.

2005. ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். எங்கள் வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு பஹ்ராம் என்ற ஈரானியச் சகோதரர் வருவார். இயேசுவை ஏற்றுக்கொண்டதற்காக ஊரைவிட்டு ஓடிவந்தவர். ஊரில் அவர் வீட்டில் ரகசியமாகக் கூடி ஜெபித்தவர்கள் பதினொரு பேர். இரண்டு பேர் சிறையில். அவர்களுக்காக வெளிநாட்டில் குரல் கொடுக்கும் ஓர் அமைப்புக்குக் கடிதம் அடித்துத் தரச் சொன்னார். பதினொரு பெயர்களும் தெருக்களும் அதில் இருந்தன. வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்றார். படவே படாது என்று மார்தட்டினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதை அடித்தாலும் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைப்போம். என் கை தானாக எடுத்து, என் நீல ஃபைலில் சொருகிவிட்டது. நான் மறந்தே போனேன்.

அடுத்த வாரம் எனக்கு வேலை மாறியது. பழைய விசா ரத்தானது. புது விசா வரும்வரை நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அப்போதெல்லாம் அதற்கு எங்கள் ஆட்கள் கிஷ் தீவுக்குத்தான் போவார்கள். பக்கம், செலவு குறைவு. ஒரே ஒரு விஷயம், கிஷ் ஈரானுடையது.

விமானம் இறங்கத் தொடங்கியபோது பாஸ்போர்ட் நகலை எடுக்க ஃபைலைத் திறந்தேன். பதினொரு பெயர்களும் என்னைப் பார்த்தன. கிழித்துப்போடக் கழிப்பறைக்கு எழுந்தேன். பணிப்பெண் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

கூட வந்த செல்வம் திருநெல்வேலிக்காரர், எலெக்ட்ரீஷியன். "என்ன அண்ணாச்சி, ஏசி ஓடுது, உங்களுக்கு மட்டும் மழை பெய்யுது?" என்றார்.

தைரியம் தாரும் ஆண்டவரே என்று வரிசையில் நின்றபடி கெஞ்சினேன். வரவில்லை. வியர்வைதான் வந்தது. நான் மாட்டினால் அடி எனக்கு. அந்தக் காகிதம் மாட்டினால் பதினொரு வீடுகளின் கதவு தட்டப்படும்.

அதிகாரி பையைக் கொட்டினார். சட்டை, வாழைக்காய் சிப்ஸ், நீல ஃபைல். முதல் தாள் பாஸ்போர்ட் நகல். இரண்டாவது விசா ரத்துத் தாள். மூன்றாவதைப் புரட்டினார். நான்காவது அந்தக் கடிதம். "இயேசுவே" என்றேன், சத்தம் வந்ததா தெரியாது. கால்கள் மடிந்தன. அரிசி மூட்டை சரிவதுபோல அங்கேயே விழுந்தேன்.

கண் திறந்தபோது அந்த அதிகாரியே என் தலையைத் தாங்கியிருந்தார்.

"சுகரா?" என்று செல்வத்திடம் கேட்டார்.

"ஆமா சார், ஃபுல் சுகர்" என்றார் செல்வம், பதறிப்போய். எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

வாயில் ஒரு சர்க்கரைக் கட்டி, கையில் தேநீர். அதிகாரி ஃபைலை மூடி, சிப்ஸோடு பையில் திணித்து, "கலாஸ், முடிந்தது, போ" என்றார்.

விடுதிக் கழிப்பறையில் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். துண்டுகள் மிதந்து மிதந்து திரும்பி வந்தன. திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே செல்வம், "அண்ணாச்சி, வயித்தால போவுதா?" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் பஹ்ராமிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மூன்றாவது பெயர் என் அம்மா" என்றார்.

அவர் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் சிறையிலிருந்த இருவரும் வீடு திரும்பினார்கள். பஹ்ராமுக்கு வேறொரு நாட்டில் இடம் கிடைத்தது. ஆண்டவருக்கு நன்றி.

தைரியம் கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. என் பயத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். அதனால் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பயம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள். முன்பெல்லாம் ஜெபத்தில் கொட்டாவி விடுவேன். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொரு பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறேன், உதடு அசையாமல், மனதுக்குள். பிரதி இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது.