ஏழாம் கட்டிலில் ஒரு 'சும்மா'

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்குச் 'சும்மாக்கா' என்று பெயர். எந்தக் கட்டில் காலி, யாருக்கு மூச்சு இறங்குகிறது என்று ஒரே திரையில் காட்டும் நிரலை அவள்தான் எழுதினாள். சோதித்துப் பார்க்கப் போலி நோயாளிகள் வேண்டுமே! அத்தனை பேருக்கும் 'சும்மா' என்றே பெயர் வைத்தாள். அந்தப் பெயர் வந்தால் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு வரியும் எழுதிவைத்தாள்.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவள் கணவனை ஏற்றிய ஆம்புலன்ஸ், காலையில் எழுதிய காலிக் கட்டில் பட்டியலை நம்பி, இடமில்லாத மருத்துவமனை வாசலில் போய் நின்றது. அடுத்த இடம் சேர்வதற்குள் அவள் மடியிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது.

இன்றுதான் முதன்முறையாக வார்டின் நிஜத் தகவல்கள் நொடிக்கு நொடி திரைக்கு வந்தன.

"சோதனையெல்லாம் பாஸ் ஆயிடுச்சேம்மா. வார்டுல போய் எதுக்கு உக்காரணும்?" என்றார் மேலாளர்.

"பொய் ஆளுங்க நான் சொன்னபடி கேட்டாங்க சார். நிஜ ஆளுங்க கேப்பாங்களா?"

வார்டில் திரையைப் பார்த்தாள். ஏழாம் கட்டில் காலி. நிமிர்ந்தாள். அங்கே தலை நிறையக் கட்டோடு ஒருவன் கிடந்தான்.

"சிஸ்டர், இவர் யாரு?"

"தெரியலக்கா. ரோட்டுல அடிபட்டுக் கிடந்தாராம். பேர் போடாம உங்க கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகர மாட்டேங்குது. நீங்க பழக்குறப்ப போட்டதையே போட்டேன். சும்மா!"

அவள் கட்டிலருகே ஓடினாள். அவன் விரலில் மாட்டியிருந்த, பிராணவாயு அளவு காட்டும் கருவியில் எண் சரிந்துகொண்டிருந்தது. கருவிக்குக் குரல் கிடையாது. கூவ வேண்டியது திரைதான். அது ஊமையாக நின்றது.

"ஐயோ, மூச்சு! டாக்டரைக் கூப்பிடுங்க!"

டாக்டர் ஓடி வந்து பிராணவாயுவை ஏற்றினார். எண் மெல்ல மேலேறியது. அவள் கட்டிலடியிலேயே தரையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, 'சும்மா'வைக் கணக்கில் சேர்க்காத அந்த வரியை அழித்தாள். 'பெயர் தெரியவில்லை' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். அதன்பின்தான் ஏழாம் கட்டிலில் ஆள் இருப்பதாகத் திரை காட்டியது.

மறுநாள் நர்ஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, கண்ணத் தொறந்துட்டாரு! பேரும் சொல்லிட்டாரு. போடட்டுமா?"

"போடும்மா. ஒரு எழுத்தும் விடாம போடு."

கட்டத்தில் அந்தப் பெயர் ஒவ்வோர் எழுத்தாக ஏறுவதை, கண்ணீரைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.