இரண்டாவது பேட்டரி

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார வேண்டிய காலை நேரத்தில் நான் ஊரப்பாக்கத்தில், எங்கள் தெருவில், தொடையளவு தண்ணீரில், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஒரு ட்ரக்கின் பானெட்டைத் திறந்துவைத்து, கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன்.

நானும் ஸ்பேனரும்! மிக்ஸி பிளக்கைப் பிடுங்குவதற்குக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான்.

அந்த ட்ரக் என் மனைவி விஜியுடையது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் என்றால் காசிக்குப் போவார்கள், பேரனைப் பார்க்க அமெரிக்கா போவார்கள். இவள் ஒரு பழைய டபுள் கேபின் பிக்கப்பை வாங்கினாள். முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தட்டுமாக, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் கல்லிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றி இறக்கி சந்தோஷப்படுகிற ஒரு கோஷ்டியோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது வண்டி எது, சேறு எது என்று தெரியாது.

வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டினாலாவது பரவாயில்லை. முதலில் சஸ்பென்ஷன். பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கனமான புதுப் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள். வண்டி நாலு விரற்கடைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அடுத்து எலக்ட்ரிகல். பானெட்டுக்குள் இரண்டாவதாக ஒரு பேட்டரி, தடித் தடியாக ஒயர்கள், பின் சீட்டுக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டர். முதல் பேட்டரி வண்டிக்கு, இரண்டாவது நமக்காம். காட்டில் கேம்ப் போட்டால் ஃபேன் ஓடுமாம். வீட்டில் ஓடுகிற ஃபேன் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். 

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் அவ்வளவு கறார். பட்டறையில் நாள் முழுக்கக் கூடவே நின்று, ஒவ்வொரு இணைப்பையும் தானே இழுத்துப் பார்த்து வாங்கினாள். எங்கேயாவது ஒரு நட்டு லேசாக ஆடினால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்போது பக்கத்து வீடு. அங்கே இருப்பது ஜமீலாக்கா. அவர் கணவர் சலீம் அண்ணன் இரும்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அக்காவுக்கு நுரையீரல் பழுது. நாள் பூரா மூக்கில் குழாய், பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. கரண்ட் இருக்கிறவரை கவலையில்லை. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர். அதுவும் போனால் கைக்கு அடக்கமாக ஒரு சின்ன சிலிண்டர். அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது.

மழை உங்களுக்கும் தெரியும். ஏரி நிரம்பியது, தெரு நிரம்பியது, பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். விடிந்தபோது சலீம் அண்ணன் வீட்டு இன்வெர்ட்டர் உயிரை விட்டிருந்தது. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும், கொண்டுவந்தால் படுக்கை தயார் என்று சொன்னார்கள். எப்படிக் கொண்டுபோவது?

சலீம் அண்ணன் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சத்தமாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டார்.

"விஜிம்மா, உன் வண்டி இந்தத் தண்ணில போவுமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் விஜி சாவியை எடுத்துவிட்டாள்.

முதல் சோதனை வாசலிலேயே வந்தது. வண்டியின் தரை ஜமீலாக்காவின் இடுப்புக்கு மேல் இருந்தது. நன்றாக இருக்கிறவர்களே கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷியை எப்படி ஏற்றுவது? டைனிங் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் சலீம் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். தண்ணீருக்குள் கால் வழுக்குகிறது. அக்காவின் உதடு நீலம் பாரித்திருப்பதை அப்போதுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். 

"எதுக்கு விஜி... இவ்ளோ உசரம்?" என்றார் அக்கா, அந்த நிலையிலும்.

"மலை ஏறத்தான்க்கா."

ஒருவழியாக அக்காவைப் பின் சீட்டில் சேர்த்தோம். மெஷினைக் காலடியில் வைத்து இன்வெர்ட்டரில் சொருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. சிலிண்டரை மூடிவிடச் சொன்னாள் விஜி. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி உள்ளே கொண்டுபோகிற வரைக்கும் அதில் மிச்சம் இருக்க வேண்டும். போதாததற்கு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்கின்றன என்று செய்தி. தாம்பரம் வரை சிலிண்டரை நம்பிப் போக முடியாது. மெஷின் ஓடியே ஆக வேண்டும்.

வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. சுமை ஏற்றுவதற்கென்று போட்ட பட்டைகள், ஆள் மட்டும் உட்கார்ந்தால் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. தெரியாத பள்ளத்தில் ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் அக்காவின் மூச்சு பாதியில் நின்று, அப்புறம் வந்தது.  விஜி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனிதர் நடக்கிற வேகத்தில் நகர்த்தினாள். இரண்டு பக்கமும் நிறுத்திவைத்த கார்களின் கூரைதான் தெரு எது என்று காட்டியது.

தெருவின் பாதியைத் தாண்டியிருப்போம். சீட்டுக்கு அடியில் ஒரு பீப் சத்தம். அப்புறம் விடாமல் பீப். மெஷினின் பச்சை விளக்கு மினுக்கி, அணைந்தது. மெஷினும் கத்தத் தொடங்கியது.

சலீம் அண்ணன் சிலிண்டரைத் திறந்தார். அவசரத்தில் குழாய் கழன்றுவிட்டது, நான் மாட்டிவிட்டேன்.

விஜி திரும்பிப் பார்க்கவில்லை. இன்வெர்ட்டரின் முகப்பில் என்ன எண் காட்டுகிறது என்று மட்டும் கேட்டாள். படித்துச் சொன்னேன். பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கிறது, அது வந்து சேரவில்லை, நடுவில் எங்கேயோ சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். அதுவரை மொபைல் சார்ஜரும் சின்ன லைட்டும்தான் அந்த இன்வெர்ட்டரில் ஓடியிருக்கின்றன. பெரிய மெஷின் இழுத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. புகைக்குழாய் தண்ணீருக்குள் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தண்ணீர் உள்ளே ஏறி, எஞ்சின் அங்கேயே நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"நீங்கதான் இறங்கணும்."

"நானா?"

"பன்னெண்டு வோல்ட்டுதாங்க, கடிக்காது. ஸ்பேனர் மட்டும் பாடியில பட்டுடக் கூடாது."

பட்டால் என்ன ஆகும் என்று கேட்க நேரமில்லை. கேட்டிருந்தால் இறங்கியிருக்கவும் மாட்டேன். இறங்கினேன். தண்ணீர் சில்லென்று தொடைவரை வந்தது. பானெட்டைத் தூக்கினால் முகத்தில் அனல். எஞ்சின் உறுமுகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது. இரண்டாவது பேட்டரியின் சிவப்பு முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் ஜன்னல் வழியாக. தொட்டேன்... கை சுட்டுவிட்டது. சரியாகப் பிடிக்காத இடம்தான் சுடும், அதுதான் என்றாள். கழற்றச் சொன்னாள்.

நட்டு நகர மறுத்தது. என் கையும் ஈரம், ஸ்பேனரும் ஈரம். பின்னாலிருந்து சலீம் அண்ணன், முள்ளு அடில வந்துட்ச்சி சார், முள்ளு அடில வந்துட்ச்சி சார் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். ஒயரை முனையோடு கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் கழன்று வந்தது.

உள்ளே பார்த்தேன். ஈய முனையைச் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாக, காய்ந்து கெட்டித்துப்போன சந்தனம். அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜை! புது பேட்டரிக்கு அதுதான் முதல் பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று, அந்த பேட்டரியின் கிளாம்பைக் கழற்றியே வைத்துவிட்டாள் விஜி. மற்றவர்கள் வண்டிக்கு ஓய்வு என்றால் ஓட்டாமல் விடுவார்கள். இவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாளே! கழற்றிய முனைக்குச் சந்தனம், குங்குமம், ஒரு பூ. மறுநாள் விஜயதசமியன்று பூவை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேலேயே கிளாம்பை மாட்டி, நன்றாக இறுக்கியும் விட்டாள். நட்டு லூஸாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாள். நட்டு லூஸாக இல்லை, நடுவில் காய்ந்த சந்தனம்தான் கரண்டை மறித்தது.

"விஜி, சந்தனம். கிளாம்ப்புக்கு அடியில சந்தனம் இருக்கு."

அவள் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது.  வைத்த பொட்டைத் துடைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. குளித்துவிட்டு வந்தால் முதலில் பொட்டு வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலை.

"துடைங்க," என்றாள்.

வீட்டுச் சாவியால் சுரண்டினேன். சட்டையைக் கழற்றி அழுத்தித் துடைத்தேன். கிளாம்பின் உள்பக்கத்தையும் சுரண்டினேன். ஈயம் பளிச்சென்று தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். மாட்டி, இறுக்கு இறுக்கு என்று இறுக்கினேன். ஸ்பேனர் எங்கேயும் படவில்லை. அது என் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், பயத்தில் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, எஞ்சின் உறுமலில் எது கேட்கும்? சலீம் அண்ணன் சிலிண்டரை மூடிவிட்டு, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கட்டை விரலைக் காட்டினார். பானெட்டை மூடிவிட்டு, அதன்மேலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். 

அப்புறம் ஜி.எஸ்.டி. ரோடு, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம்.  எல்லோரும் மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து அக்காவை உள்ளே கொண்டுபோனபோது சிலிண்டர் முள் அடியில் கிடந்தது. ஆனால் காற்று வந்துகொண்டிருந்தது.

பார்க்கிங்கில் விஜி இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நான்தாங்க அவங்களக் கொல்லப் பாத்தேன்."

இந்த ட்ரக் வந்த நாளிலிருந்து அவளைக் குத்திக்காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்திருந்தவன் நான். இதோ கிடைத்துவிட்டது. வாய் வரை வந்தும் விட்டது. சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது அவளைப் பார்க்க அழுகைதான் வந்தது.

"கொண்டுவந்து சேத்ததும் நீதானே," என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நாம் எதையெல்லாம் சந்தேகப்படுகிறோமோ அதையெல்லாம் இரண்டு தடவை சோதிக்கிறோம். கேஸ் டியூபை, கதவுப் பூட்டை, கரண்ட் பில்லை. கும்பிடுவதை மட்டும் சோதிப்பதில்லை. அது நமக்குக் கெடுதல் செய்யாது என்று விட்டுவிடுகிறோம். செய்யாதுதான்... இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்.

வீடு திரும்பியதும் விஜி ஒரு காரியம் செய்தாள். வண்டி பூராவும் இருந்த பொட்டுகளைத் துடைத்தாள். பானெட், ஸ்டியரிங், டயர், ஒன்று விடாமல். நான் தடுக்கவில்லை. பிறகு பேட்டரி முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மூடினாள். அதற்கப்புறம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி போன் செய்தது. எடுக்கவில்லை.

ஜமீலாக்காவுக்கு டிஸ்சார்ஜ் சொன்னார்கள். தண்ணீர் வடிந்துவிட்டது. சலீம் அண்ணன் கார் ஏற்பாடு செய்திருந்தார். அக்கா ஏற மாட்டேன் என்றாராம், விஜி வண்டியில்தான் வருவேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். போனோம். ஆஸ்பத்திரியின் மர ஸ்டூலைப் போட்டு, நிதானமாக, தானே ஏறினார். ஏறி உட்கார்ந்தவர், கிளம்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நடந்ததெல்லாம் சலீம் அண்ணன் சொல்லியிருக்கிறார் போல.

விஜி திறந்தாள். அக்கா மறுபடியும் இறங்கினார், என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். சலீம் அண்ணன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, மூக்கில் குழாயோடு எட்டிப் பார்த்தார். துடைத்துவைத்த அந்த பேட்டரியையும், அப்புறம் விஜியின் முகத்தையும் பார்த்தார்.

"கம்பிக்குத்தான விஜி பொட்டு ஆகாது? மூடி மேல வையேன்."

விஜி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தாள்.