நாலாவது நகத்துக்குக் கீழை

கல்லுப் பதிக்கிறது எண்டது ஊரிலை உள்ள ஆக்களின்ரை சந்தோசத்தைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்து முதுகு கூனிப்போற தொழில். இதிலை நான் சொல்லப்போறது அவ்வளவும் உண்மை. ஒரு சொல்லுப் பொய்யெண்டாலும் நாளைக்கே என்ரை ரெண்டு கண்ணும் மங்கி, முதலாளியின்ரை மகளின்ரை மோதிரத்திலை ஒழுங்கையிலை கிடக்கிற தெருக்கல்லை எடுத்துப் பதிச்சு அடிவாங்கக் கடவன்.

பள்ளிக்கூடம் என்னை மூண்டாம் வகுப்போடை கைவிட்டுட்டுது, அதாலை வடிவான தமிழ் என்னட்டைத் தேடாதேங்கோ. யாழ்ப்பாண ரவுணிலை ஒரு நகைக்கடை. முன்பக்கம் கண்ணாடி, லைற், ஏசி. பின்பக்கம் நானும் ஒரு மேசையும் ஒரு ஸ்ரூலும். கடையளிலை குந்தியிருந்து வாற சனத்தின்ரை முகத்துக்குச் சிரிச்சுச் சிரிச்சுத் தாடை நோகிற ஆக்கள் இதைக் கேக்கிற உங்களுக்குள்ளையும் இருப்பியள். உங்களுக்குத்தான் சொல்லுறன்.

ஸ்ரூல்

அந்த ஸ்ரூல் எனக்கில்லை, வாற ஆக்களுக்கு. எங்கடை சனம் கல்லைத் தந்திட்டு வீட்டை போகாது. பழைய நகையாலை கல்லு கழண்டு புதுசிலை ஏறுமட்டும் முன்னாலை குந்தியிருந்து கண் வெட்டாமல் பாக்கும். நான் கல்லை மாத்திப்போடுவனாம். மாத்தி மாத்தித்தான் இப்ப மாடிவீடு கட்டி இருக்கிறன், காணேல்லையோ?

ஒருக்கா சண்டிலிப்பாயிலையிருந்து ஒரு பொயிலைத் தோட்டக்காரர் மகளின்ரை மோதிரத்தோடை வந்தார். காலமை ஒன்பது மணிக்குக் குந்தினவர் பின்னேரம் மூண்டு மணிவரைக்கும் அசையேல்லை. நான் சாப்பிடேக்கையும் வாயைப் பாத்துக்கொண்டிருந்தார். "ஐயா, கல்லு மேசையிலை கிடக்குது. நான் தின்னுறது கத்தரிக்காய்க் கறி" எண்டன். அந்த மனிசன் சிரிக்கேல்லை.

"கறிக்குள்ளை என்ன கிடக்குதெண்டு எனக்கெப்பிடித் தம்பி தெரியும்?"

ஒற்றைத் தோடு

மூண்டு வருசத்துக்கு முந்தி குருநகரிலையிருந்து திரேசம்மா வந்தா, மூத்த மகன் யூட்டோடை. யூட் கடலுக்குப் போற பொடியன், உள்ளங்கை முழுக்க வலைக்கயிறு வெட்டின தழும்பு. திரேசம்மா சட்டைக்குள்ளையிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிட்டா. ஒற்றை வைரத் தோடு, அவவின்ரை மாமியின்ரை. மற்றத் தோட்டை வித்துத்தான் புருசன்ரை வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கினதாம். புருசன் செத்துப்போனார், எஞ்சின் இன்னும் ஓடுது. மிஞ்சின கல்லை, யூட் பொம்பிளைக்குப் போடப்போற நிச்சயதார்த்த மோதிரத்திலை பதிக்கவேணும். பொம்பிளை மானிப்பாய்ப் பிள்ளை, பேர் டெல்சியா. அங்கை ஒரு மருந்துக்கடையிலை வேலை. இவர் காய்ச்சலுக்குக் குளுசை வாங்கப் போனவர், காய்ச்சல் மாறி மூண்டு மாசமாகியும் வாங்கிக்கொண்டிருந்தவர்.

இனிக் கல்லுக்கு என்ன கட்டு எண்டு சண்டை. தாய்க்கு வளையக் கட்டு வேணும். கிணத்துக்குக் கட்டின மாதிரிக் கல்லைச் சுத்திவரப் பொன் விளிம்பு வரும். கல்லு விழாது, ஆனா மினுக்கம் குறைவு. மகனுக்கு நகக் கட்டு. நாலு சின்னப் பொன் நகம் நாலு பக்கத்தாலை கல்லைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், மிச்சமெல்லாம் திறந்தபடி. நல்லா மினுங்கும், ஒரு நகம் தூக்கினா கல்லு போச்சு. அரை மணித்தியாலம் பிடுங்குப்பட்டினம். நான் ரெண்டு பக்கமும் எண்ணெய் ஊத்திக்கொண்டிருந்தன், எனக்கு அதிலை ஒரு சந்தோசம். கடைசியிலை யூட் தாயின்ரை தோளிலை கையைப் போட்டான்.

"எணை அம்மா, உன்ரை மருமகள் என்ன கிணத்துக்குள்ளையோ இருக்கப்போறா? வெளிச்சத்திலை இருக்கட்டும்."

பன்ரெண்டு மணி

கல்லுப் பதிக்கிற அண்டைக்குத் திரேசம்மா தனிய வந்து ஸ்ரூலிலை இருந்தா. தும்மல் வந்தாலும் மூக்கைப் பொத்துறா, கண்ணை மூடுறாவில்லை. மூண்டு நகம் மடிச்சாச்சு. நாலாவது நகத்தை மடிக்க வெளிக்கிட, கோயில் மணி அடிச்சுது. பன்ரெண்டு மணி, மூவேளைச் செபம். திரேசம்மா சிலுவை போட்டுக் கண்ணை மூடினா.

எனக்கொரு குரங்குப் புத்தி வந்துது. செபம் முடிஞ்சு கண்ணைத் திறக்கேக்கை வேலை முடிஞ்சிருந்தா மனிசி எப்பிடித் திகைக்கும்! அமத்தினன் கெதியா. "டிக்" எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். பூதக்கண்ணாடியாலை பாத்தால், ஓரத்திலை கடுகிலை பாதியளவு துண்டு பறந்துபோச்சு. ஏற்கெனவே குறையோடை வாற கல்லுக்கு, குறை இருக்கிற பக்கமாப் பாத்து நகத்தை வைக்கிறது எங்கடை தொழிலிலை எல்லாரும் செய்யிற வேலை. ஆனா இது நான் உடைச்சது. குறையுள்ள வைரம் வீட்டுக்கு ஆகாது, ஆளைத் தின்னும் எண்டு எங்கடை சனம் நம்புற சனம். சொன்னா இந்த மனிசி என்னைத் தின்னும். நகத்தைக் கொஞ்சம் தடிப்பா விட்டு உடைஞ்ச இடத்தை மூடினன். திரேசம்மா கண்ணைத் திறந்தா.

"அட, செபம் முடியிறதுக்குள்ளை முடிச்சிட்டியே தம்பி! மாதாவெல்லோ உன்ரை கையைப் பிடிச்சிருக்கிறா."

மாமியாரின்ரை நகம்

நிச்சயதார்த்தம் முடிஞ்சு ரெண்டு கிழமையாலை யூட்டும் டெல்சியாவும் கடைக்கு வந்தவை. மோதிரம் கொஞ்சம் லூசாம். அந்தப் பிள்ளை சிரிக்கேக்கை கண்ணும் சேந்து சிரிக்கும். யூட் பக்கத்திலை நிண்டு அவளையே பாத்துக்கொண்டு நிண்டான், மோதிரத்தை ஆர் பாத்தது? ஆனா அவள் பாத்தாள். மருந்துக்கடையிலை டொக்டர்மாரின்ரை கையெழுத்தை வாசிக்கிற கண்ணெல்லோ. "அண்ணை, இந்த ஒரு நகம் மட்டும் ஏன் தடிப்பு?"

எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டு ஓடினது. வாய் மட்டும் நிக்கேல்லை. "மற்ற மூண்டும் நாத்தனார்மார், பிள்ளை. இதுதான் மாமியாரின்ரை நகம்" எண்டன். யூட் விழுந்து விழுந்து சிரிச்சான். அவனுக்கு ஒரு தங்கச்சியும் இல்லை, ஒரு தம்பி மட்டும்தான். டெல்சியா மோதிரத்தை நெஞ்சோடை வைச்சுக்கொண்டு சொன்னாள்.

"அப்ப இதைத்தான் அண்ணை நான் நல்லாப் பிடிச்சுக்கொண்டிருக்கவேணும்."

என்ரை வாய்

அதுக்குப் பிறகு ரெண்டு மாசமும் ஆகேல்லை. நான் குனிஞ்சு ஒரு பதக்கத்திலை வேலை. மேசையிலை ஒரு கை வந்து மோதிரத்தை வைச்சுது. நான் ஆளைப் பாக்க முந்தி மோதிரத்தைத்தான் பாப்பன், பழக்கம் அப்பிடி. தடிச்ச நகத்தைக் கண்டு எந்த மோதிரமெண்டு பிடிச்சிட்டன். ஆகா, கலியாணத்துக்கு முந்தியே திருப்பி வந்திட்டுது எண்டு நினைச்சு, குனிஞ்சபடியே கேட்டன்: "என்னம்மா, மாப்பிள்ளை ஓடிட்டாரோ?"

நிமிந்து பாத்தா, கறுப்புச் சீலை. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. திரேசம்மா கோவிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"ஓம் தம்பி, கடலுக்கு. மூண்டாம் நாள்தான் கரையிலை ஒதுங்கினவன்."

கண்ணுக்கு மருந்து

அண்டைக்கு அவ கேட்டது ஒண்டுதான். கல்லைக் கழட்டித் தா, டெல்சியா போட்ட பொன் எங்களுக்கு வேண்டாம். மோதிரம் ஏறி ரெண்டு மாசத்திலை என்ரை பிள்ளை போயிட்டான், காலடி சரியில்லாதவள், கடல் தெரியாத ஊரிலையிருந்து வந்து என்ரை வீட்டைக் கவிட்டவள். நான் கேட்டுக்கொண்டிருந்தன். நகத்தைத் தூக்கினா உடைவு தெரியும். "கல்லுக் கழட்டுற ஆயுதம் பழுதாக் கிடக்கு, பிறகு வாங்கோ அம்மா" எண்டு அனுப்பிவிட்டன். என்ரை ஆயுதம் நல்லாத்தான் இருந்தது, பழுதாக் கிடந்தது நான்.

ஒரு வருசம் போச்சு. ஒருநாள் மனம் கேளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாய்க்குப் போனன். சொல்லிப்போடவேணும் எண்டுதான் போனன். மருந்துக்கடையிலை டெல்சியா நிண்டாள், மெலிஞ்சு, கண் சிரிக்கேல்லை. எனக்கு முன்னாலை ஒரு அம்மா, குழந்தைப்பிள்ளைக்குப் பாணி மருந்து வாங்க. டெல்சியா போத்திலை நீட்டினாள். அந்த அம்மா கையை நீட்டேல்லை, உள்ளுக்கை இருந்த கடைக்காரரைக் கூப்பிட்டா. டெல்சியா போத்திலை மேசையிலை வைச்சிட்டு ஒதுங்கி நிண்டாள், தினமும் நடக்கிற காரியம் மாதிரி. என்ரை முறை வந்தது. "என்ன அண்ணை வேணும்?" எண்டு கேட்டாள். நான் கண்ணுக்கு விடுற மருந்து ஒண்டு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்திட்டன். வெளியிலை அந்த அம்மா நிண்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா.

"அவளின்ரை கையாலை வாங்கினனீரோ தம்பி? வீட்டிலை குழந்தை குட்டி இல்லையாக்கும்."

திருப்பியும் பன்ரெண்டு மணி

போன வருசம் திரேசம்மா திருப்பி வந்தா. இளையவன் றொசானுக்குப் பேசி முடிஞ்சுதாம். அதே மோதிரம், அதே ஸ்ரூல். "இந்த முறை வளையக் கட்டுத்தான் தம்பி. அண்டைக்கே நான் சொன்னனான், அவன் கேக்கேல்லை." எனக்குப் பாருங்கோ, கடவுளாப் பாத்து ஒரு வழி விட்ட மாதிரி. வளையக் கட்டெண்டால் கல்லின்ரை ஓரம் முழுக்கப் பொன்னுக்குள்ளை போயிடும். உடைவும் போயிடும். இனி ஒரு மனிசருக்கும் தெரியாது. அந்த மருந்துக்கடைப் பிள்ளை மட்டும் போத்திலை மேசையிலை வைச்சிட்டு ஒதுங்கி நிப்பாள்.

மூண்டு நகத்தைத் தூக்கினன். நாலாவதுக்குக் கை போக, மணி அடிச்சுது. திரேசம்மா சிலுவை போட்டுக் கண்ணை மூடினா. ஒரு நிமிசம் இருக்கு. கழட்டித் துடைச்சு, செய்து வைச்ச புது விளிம்புக்குள்ளை இருத்த அது போதும். நான் ஆயுதத்தை மேசையிலை வைச்சிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தன். செபம் முடிஞ்சு கண்ணைத் திறந்தவ, "ஏன் தம்பி சும்மா இருக்கிறாய்?" எண்டா. "நீங்கள் பாக்கவேணும் அம்மா" எண்டு சொல்லி, அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை நாலாவது நகத்தைத் தூக்கினன்.

"இது நான் உடைச்சது. அண்டைக்கு, நீங்கள் கண்ணை மூடின நேரம். உடைச்சுப்போட்டு மறைச்சனான்." மனிசி என்னை உத்துப் பாத்துது. "உன்ரை பகிடிக்கு ஒரு அளவில்லையோ?" அதுதான் எனக்குக் கிடைச்ச அடி. வாழ்க்கையிலை முதல்தரமா வாய் திறந்து உண்மை சொல்லுறன், நம்ப ஆளில்லை. பூதக்கண்ணாடியைக் கையிலை குடுத்தன். பாத்தா. கனநேரம் பாத்தா. "அப்ப இந்தக் கல்லோ என்ரை பிள்ளையைத் திண்டது?" "கல்லு ஒருத்தரையும் தின்னாது அம்மா. அண்டைக்குக் காத்து, கடல். அந்தப் பிள்ளையும் தின்னேல்லை. ஆரிலையும் பிழை போடவேணுமெண்டால் இஞ்சை நான் இருக்கிறன், என்னிலை போடுங்கோ." திரேசம்மா பூதக்கண்ணாடியை மெதுவா மேசையிலை வைச்சா. என்னை ஏசுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

"செத்தவீட்டண்டு நான் அவளைப் படலை வாசலிலை மறிச்சு, மோதிரத்தைக் கழட்டிப்போட்டுத் திருப்பி அனுப்பினனான், தம்பி."

குளுசைப் பை

விசயம் காதிலை விழ, முதலாளி என்னை ரெண்டு கிழமை கடைப்படி ஏற விடேல்லை. பிறகு கல்லுப் பதிக்க வேறை ஆள் கிடைக்காமல் ஏத்தினார். றொசான்ரை பொம்பிளைக்குக் கல்லில்லாத வெறும் பொன் மோதிரம்தான் போட்டது. திரேசம்மா கல்லைத் துணியிலை முடிஞ்சு, பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போயிருக்கிறா. அங்கை என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியாது.

நாலு நாளாலை டெல்சியா என்னட்டை வந்தாள். ஸ்ரூலிலை இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. குளுசை போடுற கடதாசிப் பை ஒண்டை மேசையிலை வைச்சாள். உள்ளுக்கை கல்லு. "இதை யூட்டின்ரை அம்மாவிட்டைக் குடுத்துவிடுங்கோ. எனக்கு வேண்டாமெண்டு சொன்னனான், எங்கடை வீட்டுப் படலையிலை வைச்சிட்டுப் போயிட்டா." நான் பகிடி ஒண்டைத் தேடினன். என்ரை வாய்க்குள்ளை ஒண்டும் இல்லை. "பிள்ளை, என்னை மன்னிக்க..." எண்டு துவங்கினன். முடிக்க விடேல்லை. சத்தம் போடேல்லை, கண்ணிலை தண்ணியும் இல்லை.

"நீங்கள் உடைச்ச அண்டைக்கே சொல்லியிருந்தா, படலையிலை என்னை மறிச்சிருக்க மாட்டினம், அவரின்ரை முகத்தை நான் கடைசியா ஒருக்காப் பாத்திருப்பன், அண்ணை."

முப்பது வருசமா அந்த ஸ்ரூலிலை குந்தினவை எல்லாரும் என்ரை கையைத்தான் காவல் காத்தவை, களவெடுத்தது வாயெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.

சரி, கதை கேட்டாச்சு, சும்மா எழும்பிப் போகேலாது: எனக்கொரு பிளேன்ரீயும் ஒரு வடையும் சொல்லுங்கோ, காசை மேசையிலை வையுங்கோ, நான் எடுத்து முடிக்குமட்டும் மணி அடிச்சாலும் கண்ணை மூடிப்போடாதேங்கோ.