கேப்டனின் வலது காது

என் வீட்டுக்காரரைத் தகர டப்பா ஆலையில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நீச்சலே தெரியாத கேப்டன். தகடு வெட்டும் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு இடது காது போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, வேலையை விடுங்கள் என்றார் டாக்டர். மனுஷன் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே!

கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு இருந்தது. கடலின் மேலே எதிரியின் நாசகாரிக் கப்பல் சுற்றும். அது அனுப்பும் சோனார் ஒலி, அடியில் இருக்கும் இவர் கப்பலின் மேல் பட்டு 'டிங்' என்று கேட்கும். எதிரி நெருங்க நெருங்க டிங் வேகமாகும். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை எஞ்சினை அடக்கி ஆழத்தில் பதுங்க வேண்டும். ஓய்ந்தபிறகு மேலே வரலாம். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்குப் போய் ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவாரா? உட்கார்ந்தார்.

எதிரி நெருங்கினால் கையைத் தூக்கி, "மூச்!" என்பார். உடனே நான் மிக்ஸியை நிறுத்த வேண்டும், ஃபேனை அணைக்க வேண்டும், வாயையும் மூட வேண்டும். கடைசி வேலைதான் எனக்குக் கஷ்டம்.

"ஏங்க, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவனுக்கு என் மிக்ஸி சத்தம் கேக்குமா? லூசா நீங்க?"

"கேக்காது தாயே. அவன் சத்தம் எனக்குக் கேக்கணும், அதுக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது இன்னும் இருக்கிறதா என்று வாராவாரம் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கூத்து. அதற்குப் பிறகு அவர் மூச் என்றால் நானும் மூச்.

ஹெட்போனின் வலது பக்கத்தை மட்டும்தான் காதில் வைப்பார். இடது பக்கத்தைப் பின்னால் தள்ளிவிடுவார், அந்தக் காதுக்கு அது எதற்கு? பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து வருவதெல்லாம் எனக்கும் கேட்கும். போன ஞாயிறு மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார். ஃபேனை அணைத்தேன். டிங்... டிங்... இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"போயிட்டான்! ஏமாந்துட்டான் பய. ஃபேனப் போடு."

டிங் டிங் டிங் என்று எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. என்னிடம் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கப்பலை மேலே ஏற்றிவிட்டார். நேராக அவன் வாயிலேயே போய் விழுந்தார். திரை சிவந்தது. கப்பல் மூழ்கியது.

என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"சத்தம் வந்துச்சா? உனக்குக் கேட்டுச்சா?"

எதற்கெடுத்தாலும் பட்டென்று பதில் சொல்கிறவள் நான். அன்று மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"இல்லீங்க, எனக்கும் கேக்கல. கம்ப்யூட்டர்தான் சரியில்ல போல."

ஹெட்போனைக் கழற்றினார். வலது காதை என் பக்கம் திருப்பி, உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?"

அந்தப் பொய்யை இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன்.